கலந்தர் வகையில் பாக்கி

வாவு லெப்பை கிட்டங்கியில் கணக்கெழுதியவன் நான்.
குளியாள் யார், கொண்டுவந்த சங்கு எத்தனை,
கல்கத்தாவுக்கு ஏறிய மூட்டை எத்தனை,
எல்லாம் என் கையெழுத்து.

பேரேட்டில் பதினோராம் பக்கம் சீனிக் கலந்தர்.
இருபத்திரண்டு சங்கு. ரூபாய் பதினாலு. பாக்கி.
‘அடுத்த வெள்ளி பார்க்கலாம்’ என்றார் முதலாளி.
அந்த வெள்ளிக்குள் அவன்
சங்கு மூட்டையோடு கல்கத்தா போய்,
அங்கே ஒரு கப்பலில் கரி அள்ளிப் போட்டு
பூமியின் மறுபக்கம் இறங்கிவிட்டான்.

ஹாலிவுட்டில் அவனுக்குப் பிண வேலை கிடைத்தது.
கேமரா சுற்றுகிற வரை நெஞ்சு அசையாமல் கிடக்க
அங்கே ஆள் பஞ்சம்.
எட்டுப் பாகத்தில் இருட்டைத் தடவியவனுக்கு
தரையில் மூச்சை நிறுத்துவது ஒரு வேலையா?
அராபியனாகச் செத்தான்.
சீனத்துச் சமையல்காரனாக, கையில் கரண்டியோடு செத்தான்.
குதிரையிலிருந்து ஏழு தடவை விழுந்து
ஏழாவதில்தான் சரியாகச் செத்தானாம்.
திரையில் ஓடிய பெயர்களில் அவன் பெயர் கிடையாது.
வருஷத்துக்கு ஒரு போட்டோ வரும்
தங்கச்சி மைமூனுக்கு.
ஒவ்வொன்றிலும் வேறு தாடி. பின்பக்கம்
‘ஒட்டுத் தாடி, பயப்படாதே.’

பிறகு படம் பேசத் தொடங்கியது.
காட்டுக்கோயில் பூசாரி வேஷம்,
வெள்ளைக்காரனைச் சபிக்க வேண்டும்.
‘உன் பாஷையில் எதையாவது சொல்,
குரல் பயங்கரமாக இருந்தால் போதும்’
என்றிருப்பார்கள்.

முப்பத்தைந்தில் கீழக்கரைக்கு அந்தப் படம் வந்தது,
கடலோரப் பொட்டலில், கூடாரத்தில்.
முதல் பெஞ்சில் முதலாளி.
எலும்பு மாலையோடு, நெருப்புக்கு அந்தப் பக்கம்,
கலந்தர் இரண்டு கையையும் தூக்கினான்:

‘ஏ வாவு லெப்பை!
இருபத்திரண்டு சங்குக்குக் காசு எங்கே?
மைமூனு கையில எண்ணி வையி!
இல்லாட்டி மஹ்ஷர் மைதானத்துல
உன் சட்டையப் புடிப்பேன்!’

திரையில் வெள்ளைக்காரி மயங்கி விழுந்தாள்.
கூடாரத்தில் முன்னூறு தலை
முதல் பெஞ்சுப் பக்கம் திரும்பியது.
எந்தெந்த ஊரிலோ அந்த வசனத்துக்கு நடுங்கியிருப்பார்கள்.
அர்த்தம் புரிந்து நடுங்கியவர் ஒருவர்தான்.

விடிந்ததும், மிச்சமிருந்த மூன்று நாள் ஆட்டத்தையும்
முதலாளி மொத்தமாக வாங்கினார்.
ரூபாய் தொண்ணூறு. ‘டாக்கீஸ் செலவு’ என்று எழுதினேன்.
பதினோராம் பக்கம் அப்படியேதான் இருந்தது.

ஒரு ஈ உள்ளே போகக்கூடாதென்று
என்னை வாசலில் நிறுத்தினார்.
காசு வாங்கிய தோஷத்துக்கு ஆபரேட்டர்
காலி மணலுக்குப் படம் ஓட்டினான்.
இரண்டாம் ராத்திரி மைமூன் வந்தாள்,
துப்பட்டியில் முகம் மறைத்து.
ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.
படுதாவை விலக்கிப் பிடித்தேன்.

லெப்பையிடம் காசு கேட்டபோது சிரித்தாள்.
‘காக்கா எளச்சுட்டாக’ என்றாள், என்னிடமில்லை.
பிறகு கதாநாயகன் சுட்டான்.
கலந்தர் படிக்கட்டில் உருண்டு
மல்லாந்து கிடந்தான்.

அவள் உதடு அசைந்தது. துஆ என்று நினைத்தேன்.
கிட்டப் போனால்
ஒண்ணு, ரெண்டு, மூணு.
சின்னதில் அவன் முங்குவானாம்,
இடுப்புத் தண்ணீரில் நின்று இவள் எண்ணுவாளாம்.

திரையில் கப்பல் புறப்பட்டுவிட்டது,
பாண்டு வாத்தியம், முத்தம், கொடி.
சீலை வெறும் வெள்ளையாக நின்றது.
ஆபரேட்டர் வெளியே வந்து பீடி பற்றவைத்தான்.

எண்பத்தாறு.
எண்பத்தேழு.