ஐந்து இருபது

அல்ஸ்டரில், ஆறு வளையும் மேட்டில்,
கல்லில் ஒரு காவல் குடில்.
ஓர் ஆள் நிற்கலாம், குந்தலாம். படுக்க முடியாது.
அப்படித்தான் கட்டச் சொன்னாராம் முதலாளி லஸ்க்.
சன்னல் கிடையாது. மூன்று துளை,
துப்பாக்கிக் குழல் நுழையும் அளவு.

வெள்ள வரைபடம் எடுக்க வந்தவன் நான்.
வெளுப்பாலையின் கணக்குப் புத்தகம்
ஈரம் பாய்ந்து என் கைக்கு வந்தது.

மார்ச்சில் விரித்த லினன் அக்டோபரில்தான் வெளுக்கும்.
சாம்பல் காரத்தில் வெள்ளாவி, பிறகு புல்,
பிறகு மோர்த்தொட்டி, மறுபடி புல்.
ஏழு தரம். மழை கெடுத்த ஆண்டில் ஒன்பது.
சுற்றுவட்டாரத்து மோரெல்லாம் துணி குடித்தது.
பிள்ளைகள் உருளைக்கிழங்கை உப்பில் தொட்டுத் தின்றார்கள்.

1782, மே:
"காவலாள் ஸ்ப்ரௌலுக்கு ஒரு கொம்பு, ஈயக்குண்டு அரை ராத்தல்."
துணி திருடினால் தூக்கு. அதை எழுதவில்லை;
எல்லோருக்கும் தெரியும்.

ஜூன்:
"ஒரு துண்டு, இருபத்தைந்து கெஜம், குறைவு.
ஸ்ப்ரௌல் கூலியில் பிடித்தம்."
எத்தனை மாதத்துக்கு என்ற இடத்தில் பூஞ்சை.

மிச்சம் ஹேமில் வீட்டார் சொல்வது.
நிலா. ஆறு ஏக்கர் வெள்ளை.
மேக நிழல் ஒவ்வொன்றும் திருடன் மாதிரி நகரும்.
ஒரு நிழல் மட்டும் குனிந்து சுருட்டியது,
சுருட்டியதைத் தோளில் போட்டு நொண்டியது.
கிரிசல் ஹேமில். அந்தத் துண்டை நெய்தவளே அவள்தான்.
ஸ்ப்ரௌல் கொம்பை எடுத்தான்.
நூறு எண்ண வராது அவனுக்கு.
இருபது எண்ணினான். திரும்பவும் இருபது.
ஐந்தாவது இருபது முடிந்த பிறகு
ஊரே விழிக்க ஊதினான்.

அப்புறம் கிளாஸ்கோவிலிருந்து பீப்பாயில் குளோரின் தூள்.
மாதங்கள் வாரங்களாயின.
மோர் திரும்ப வீட்டுக்கு வந்தது, இருமலும் கூடவே.
ஆற்றில் மீன் வயிறு காட்டியது.
உலக்கை எந்திர அறையில் பதினெட்டு ஆண்டு நின்ற
ஆர்ச்சி மக்ஃபால்
மழையைக் கண்ணால் பார்த்துத்தான் அறிவான்.

1917இல் விமான இறக்கைக்குத் துணி கேட்டார்கள்:
பழுப்பே போதும், வெளுக்க வேண்டாம்.
அந்தக் கோடை மட்டும் ஆறு தெளிந்து ஓடியதாம்.

நேற்றுக் குடிலுக்குள் தலை நீட்டினேன்.
செம்மறி ஒன்று கால் மடக்கிப் படுத்திருந்தது.
அதை எழுப்பாமல் நடுத் துளையில் கண் வைத்து
எண்ணிப் பார்த்தேன், ஐந்து இருபது,
நொண்டுகிற கால் ஆற்றைக் கடக்குமா என்று.

வேகமாக எண்ணினால் கடக்காது.