மூன்றாம் எண்ணிக்கைக்குப் பிறகு

இறகுப்பந்துக் களத்தின் வெள்ளைக் கோடுகள் மேல்
மேசைகள் போட்டு எண்ணினோம்.
கட்டுக்கு ஐம்பது. கட்டைவிரலில் ரப்பர் உறை.
பகலில் வங்கியில் பிறர் பணம் எண்ணும் விரல்தான்.
இரவில் பிறர் மனம்.

முதல் எண்ணிக்கையில் நீலம் ஆறு அதிகம்.
இரண்டாவதில் சிவப்பு மூன்று.
மூன்றாவதில், காலை ஆறு பத்துக்கு,
சிவப்பு பத்தொன்பது.
யாரும் ஆரவாரம் செய்யவில்லை.
செய்ய வந்தவர்கள்
உடற்பயிற்சிப் பாய்களின் மேல்
கட்சிப் பூவோடு உறங்கிப்போயிருந்தார்கள்.

செல்லாத வாக்குகள் என் பொறுப்பு.
ஒரு தாளில் யாரோ நாரை வரைந்திருந்தார்கள்.
ஒற்றைக்காலில், இறகுக்கு இறகு,
சாவடியில் வரிசை காத்திருக்க
எத்தனை நேரம் வரைந்தார்களோ.
இன்னொன்றில் எல்லாப் பெயருக்கு நேரேயும் குறி.
கீழே பொடி எழுத்தில்:
'மழையில் எல்லோருமே வந்து கதவைத் தட்டினார்கள்.
ஒருவரை மட்டும் சொல்ல மனசு வரவில்லை.'
இரண்டையும் செல்லாது என்று அடுக்கினேன்.

பெட்டிகளை மூடி முத்திரை வைத்து வெளியே வரும்போது
மணி ஏழரை. சரியான ஏழரைதான்.

பேருந்தில் வானொலி சொல்லிக்கொண்டிருந்தது:
எவருக்கும் பெரும்பான்மை இல்லை,
தொங்கு நாடாளுமன்றம்.
"தொங்கட்டும்," என்றாள் ஹெஸ்டர்,
இரவுப்பணி முடித்த தாதி,
ஷூவைக் கழற்றி வீங்கிய பாதத்தைப் பிசைந்தபடி.
"எங்கள் வார்டில் ஒரு கதவு
மூன்று வருஷமாய்த் தொங்குகிறது.
நாங்கள் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டோம்."

பின் இருக்கையில் மீன்சந்தைக்காரர்கள் இருவர்.
ஒரே பலகையில் நாற்பது வருஷம் காட் மீன் அறுத்தவர்கள்,
எதிரெதிர்க் கட்சி.
இருவருமே தோற்றுவிட்டதாக நினைத்து
ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார்கள்.
யாருக்கு ஆறுதல் அதிகம் தேவை என்பதில்
சண்டை வந்துவிட்டது.
ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்:
"இனி ஆண்டிகள் கூடி மடம் கட்டுவார்கள்.
வானொலியை நிறுத்தட்டுமா?"
வேண்டாம் என்றது பேருந்து மொத்தமும்.

பந்தயக் கடை திறந்ததும் முதல் ஆள்
திருமதி பிளான்சர்ட், பிளாஸ்டிக் மழைத்தொப்பியுடன்.
எவருக்கும் கிடைக்காது என்று
ஐந்து பவுண்டு கட்டியிருந்தாராம்.
"கிரிம்ஸ்பியில் இன்று ஜெயித்தது நான் மட்டும்தான்,"
என்று என்னிடம் நோட்டுகளைக் காட்டினார்.
"எழுபத்தொன்பது வயதில்
இவர்களை நம்பாததற்குக் கூலி கிடைத்திருக்கிறது."
பிறகு குரல் இறங்கி,
"ஆனால் ஓட்டும் போட்டேன், தெரியுமா,"
என்றார்,
ஏதோ தப்பை ஒப்புக்கொள்வதுபோல.

அடுத்த கடையில் ஜில்வினாஸ் நேற்றைய முடியைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.
லிதுவேனியாவிலிருந்து வந்து பதினொரு வருஷம்.
வரி உண்டு, வாக்கு இல்லை.
"காலையிலேயே மூன்று பேர் போன் செய்தார்கள்.
இரண்டாவது தேர்தல் வருமா என்று
என்னிடம் கேட்கிறார்கள்!
எனக்கென்ன தெரியும்?
நாற்காலியில் உட்காருங்கள்,
தலையை ஆட்டாதீர்கள் என்றேன்."

எங்கள் தெருவில் குப்பை லாரி
வழக்கமான நேரத்துக்கு வந்துபோயிருந்தது.
எதிர்வீட்டு மதில்மேல் பூனை
அந்தப் பக்கமும் பார்த்தது, இந்தப் பக்கமும் பார்த்தது.
குதிக்கும் என்று நின்றேன்.
அது அங்கேயே சுருண்டு படுத்துக்கொண்டது.

வீட்டில், குளிர்பெட்டிக் கதவில்,
நண்டு வடிவக் காந்தத்தின் அடியில்
தொங்கிக்கொண்டிருந்தது
என் தபால் வாக்கு.
குறியிட்டு, கையெழுத்திட்டு, ஒட்டிய உறை.
மூன்று வாரம், தினமும் பால் எடுக்கும்போதெல்லாம்
நாளைக்கு என்று பார்த்த உறை.

யாருக்கு நேரே குறியிட்டேன் என்று சொல்லமாட்டேன்.
இருபது ஆகியிருக்கும்,
இல்லாவிட்டால் பதினெட்டு.
வேறொன்றும் நடந்திருக்காது,
எண்ணுகிறவளுக்குத் தெரியாதா?

பாலை எடுத்தேன்.
கதவை மூடத் தோன்றாமல்
குளிர் கணுக்காலில் இறங்க நின்றுகொண்டிருந்தேன்.
கட்டைவிரலில்
ரப்பர் உறை இன்னும் இருந்தது.