மேடைக்கு அடியில்

வெடியுப்பு ஏற்றிப்போன கப்பல்கள்
திரும்பி வருகையில் வயிற்றில் சுமந்துவந்த
ஆரிகன் பைன் மரம்தான் இந்த அரங்கு.
பாலைவனத்தில் மரமேது?
எல்லாமே வடக்கேயிருந்து வந்தது,
பியானோ வந்தது, குடிநீர் வந்தது,
திறப்பு விழாவில் பாடியவளின் இருமலும்
அங்கிருந்தே வந்ததாகக் கேள்வி.

உப்புக்கு விலை போனது.
அரங்கு சினிமா காட்டியது,
குத்துச்சண்டை நடத்தியது,
ஒரு குளிர்காலம் முழுக்க
மீன்மாவு மூட்டைகளுக்குக் காவலிருந்தது.
அப்புறம் பூட்டு.
பூட்டுக்குள் கரையான்.

நான் இசைக்காரனில்லை.
நகராட்சியில் கணக்கெழுதும் நோல்பெர்தோ.
புதுப்பிக்கும் வேலையில் எனக்குக் கிடைத்தவை
ஒரு மேசை, தலைக்குப் பெரிதான ஒரு கவசம்,
மரத்தூள் ஒட்டிய ரசீதுகள்.

எழுதினேன்:
கரையான் மருந்து, நானூறு லிட்டர்.
எழுதினேன்:
இருக்கை, ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
ஆளில்லாதபோதும் ஆள் இருப்பதுபோல
ஒலியைக் குடிக்க வேண்டுமாம் அதன் மெத்தை.
காலியாக இருப்பதை வெளிக்காட்டாமலிருக்க
இருக்கைக்கு இவ்வளவு என்று விலை.
எழுதினேன்:
சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி.
காரணம் என்ற கட்டத்தில், கடல்சிங்கம்.

தலைநகரிலிருந்து தொலைபேசி வந்தது,
என்ன கேலி இது என்று.
ஒருநாள் வந்து கேட்டுப் பாருங்கள் ஐயா,
மெதுவான பகுதி வரும்போதுதான்
அவற்றுக்குத் தொண்டை திறக்கும் என்றேன்.
பணம் வந்தது.

நிலநடுக்கத்துக்கு அஞ்சி
மேடைக்கு அடியில் கான்கிரீட் ஊற்றினார்கள்,
ஆறு லாரி.
ஊற்றுமுன் டார்ச்சோடு தவழ்ந்து போய்ப் பார்த்தேன்.
முழங்கால் உயர இருட்டு,
வேர்க்கடலைத் தோல்,
குத்துச்சண்டைக் கையுறை ஒன்று, இடக்கைக்கு.
கையுறையை எடுத்துக்கொண்டு
'வேறொன்றுமில்லை' என்று கையெழுத்திட்டேன்.

ஒலிப் பொறியாளர் வந்தார்,
பலூன் பலூனாக ஊதி ஊசியால் குத்தினார்.
ஒன்று புள்ளி ஏழு நொடி.
திரையில் கோடுகள்
படியிறங்கும் கனவான்களைப்போல இறங்கின.
எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டோம்.

தொமித்திலா மட்டும் கை நீட்டவில்லை.
பகலில் சுங்கத்தில் முத்திரை குத்துபவள்,
மாலையில் டபுள் பாஸ்.
ஒரே ஒரு தாழ்ந்த சுரத்தை இழுத்தாள்,
நிறுத்தினாள்,
காலணியைக் கழற்றினாள், காலுறையையும்.
மறுபடி இழுத்தாள்.
"காதுக்கு வருது," என்றாள்,
"பாதத்துக்கு வரல."

பொறியாளர் கோடுகளைக் காட்டினார்.
மரியாதையாக எல்லாவற்றையும் பார்த்தாள்.
பிறகு
அவரையும் காலணி கழற்றச் சொன்னாள்.

அவர் நின்ற நேரம் நீளமானது.
வெள்ளைக் கால்கள், ஒரு விரலில் பிளாஸ்டர்.
கடைசியில் அவர் சொன்னது
எனக்கு மட்டும்தான் கேட்டது:
"எஃகு ஓரங்களைப் பார்த்துக்கொள்ளும்.
நடுவை உடைத்துவிடலாம்."

ஊற்றியதற்குத் தலைப்பு இருந்தது பட்ஜெட்டில்,
உடைப்பதற்கு இல்லை.
பாதத்துக்கு வரவில்லை என்பதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
மூன்று கூட்டம் நடந்தது. மேயர் இரண்டில் தூங்கினார்.
நான்காவது நாள் இரவு, வீட்டில்,
மனைவி தூங்கியபின் பேனாவைத் திறந்து
எழுதினேன்:
கடல்சிங்கம், இரண்டாம் தவணை.

உடைத்தார்கள். பதினோரு நாள்.
ஊரெல்லாம் சாம்பல் தூசி,
மீன்சந்தைக்காரர்கள் என்னைத்தான் திட்டினார்கள்.
பலகை மூடுமுன் மறுபடி தவழ்ந்தேன்.
கையுறையை அதன் பழைய இடத்தில் வைத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

திறப்பு விழாவன்று
சுரங்கத்தில் முதுகெலும்பு ஒடிந்த ரோசமேல்
புதிய லிஃப்டில் முன்வரிசைக்கு வந்தார்.
அந்த லிஃப்ட் இருமுறை நின்றது, அதையும் எழுத வேண்டும்.
இடைவேளையில் என் சட்டையைப் பிடித்திழுத்து
சக்கரத்தைத் தொடச் சொன்னார்.
"காலில் ஒன்றும் தெரியாதவன் நான்," என்றார்,
"கம்பியெல்லாம் இன்னும் நடுங்குது பார்."
தொட்டேன்.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
தெரிகிறது என்றேன்.

ஆகஸ்டில் தணிக்கை.
இரண்டாம் தவணைக் கடல்சிங்கத்தைக் காட்டச் சொல்வார்கள்.
மேடைக்கு அழைத்துப்போவேன்.
முதலில்
காலணியைக் கழற்றுங்கள் என்பேன்.