ஆணி அடிக்கலாம்

பதினேழு வருஷம், நான்கு வாடகை வீடுகள்.
நான்கிலும் ஒரே நிறம், பழைய பாலாடை.
நான்கிலும் ஒரே வாக்கியம்:
ஆணி அடிக்காதீங்க.
காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில் கட்டித்தான்
அமாவாசை பார்த்தோம்.

கிருஷ்ணகிரி பழைய பேட்டைக்குப் பின்னால்
எழுநூறு சதுர அடி. வங்கியும் நாங்களும் பங்கு.
சாவி வாங்கிய அன்று
பால் காய்ச்சுவதற்கு முன்பே ஓர் ஆணி அடித்தேன்.
எதையும் மாட்ட அல்ல.
சும்மா, சத்தத்துக்காக.

பெயிண்ட் கடைக்கு
ஒரு செந்தூரா மாம்பழத்தின் தோலைக் கொண்டு போனேன்.
கூடத்துக்கு இந்த நிறம் வேண்டும்.
கம்ப்யூட்டரில் கலக்கும் பையன் சிரித்தான்:
"அக்கா, காம்புப் பக்கமா, நுனிப் பக்கமா?"
அவன் கேட்டது நியாயம்.
இரண்டு பக்கத்துக்கும் அட்டையில் தேடி முடிப்பதற்குள்
தோல் கறுத்துவிட்டது.
ஞாபகத்திலிருந்து கலந்தோம், மூன்று டப்பா.
திம்மராயன் உள்ளே வந்தார்,
கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே போனார்.
"மனுஷன் தூங்குற வீடா இது?"
தூங்கினார். குறட்டையோடு.

சமையலறைத் தரைக்கு
பர்கூர் ரோட்டில் கிரானைட் அறுக்கும் இடத்திலிருந்து
மூலை போன துண்டுகள், ஒரு டெம்போ நிறைய.
கப்பலேறாத கற்கள்.
கறுப்பு, ஈரல் சிவப்பு, மயில் கழுத்துப் பச்சை.
ஒன்றோடொன்று சேரவில்லை.
சேர வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

மாங்கனிக் கண்காட்சியில் அறுநூறு ரூபாய்க்கு ஓர் ஓவியம்.
அதில் மலை ஊதா. பஸ்ஸைவிட ஆடு பெரிது.
வரைந்த பெண்ணிடம் ஏன் என்றேன்.
"ஆடுதான் எனக்குக் கிட்ட நின்னுச்சு."
அந்தப் பதிலுக்கே கொடுத்தேன் அறுநூறையும்.

கடைசியாக அந்தக் கதவு.
அன்வர் பாஷாவின் காயலான் கடையில்
கிழிந்த டயர்களுக்கு அடியில் கிடந்தது,
லாரியின் பின்கதவு, ஆறடி, இரும்புப் பட்டையோடு.
மஞ்சளில் இரண்டு கிளி, நடுவே தாமரை,
மேலே "ஒலி எழுப்புக",
கீழே வளைந்த எழுத்தில் "தாரணி".
எடைக்குப் போட்டுத் தந்தார் பாஷா. நாற்பத்தொரு கிலோ.
நான்கு போல்ட், இரண்டு மேஸ்திரி, அரை நாள்.
வந்தவர்கள் எல்லாரும் அதன் முன் நின்று
செல்ஃபி எடுத்தார்கள்.
என் அண்ணன் மகன் ஒவ்வொரு முறையும்
"பாம்" என்று கத்திவிட்டுத்தான் உள்ளே வருவான்.

போன புதன்கிழமை சிலிண்டர் வந்தது.
புது ஆள். சட்டைப் பையின் மேல் மாதையன் என்று பெயர்.
தோள் சுமையோடு கூடத்தில் நின்றுவிட்டார்,
இறக்கவில்லை.
"இது நம்ம வண்டி."
பிறகு திருத்திக்கொண்டார்:
"ஃபைனான்ஸ்காரன் வண்டி."
வலது மூலை நெளிசலை முகவாயால் காட்டினார்.
"தொப்பூர் இறக்கத்துல ஒருத்தன் வந்து முட்டினான்.
அன்னிக்குச் சரக்கு தக்காளி."

கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை எனக்கு.
எடுத்துக்கிறீங்களா என்றேன்.
கேட்டுவிட்டுத்தான்
அந்த நான்கு போல்ட்டையும் நினைத்தேன்.

சிலிண்டரை இறக்கினார். ரெகுலேட்டரை மாட்டி
சோப்பு நுரை வைத்துக் கசிவு பார்த்தார்.
கையெழுத்து வாங்கும்போது சொன்னார்:
"எங்க மாட்டறது? ஹவுஸ் ஓனரம்மா
ஆணி அடிக்க உடாது."

செருப்பை மாட்டியவர் மறுபடி எட்டிப் பார்த்தார்.
"பாப்பா பத்தாவது படிக்குது.
ஒரு நாள் கூட்டியாரட்டா?"

நாளைக்கு ஞாயிறு.
டீயா காபியா என்று மூன்றாவது முறை கேட்கிறார் திம்மராயன்.
ஈரத்துணியால் கிளிகளைத் துடைக்கிறேன்,
தாமரையைத் துடைக்கிறேன்.
பேரின் மேல் மட்டும் அழுத்தவில்லை.
பெயிண்ட் லேசாய் உரிகிறது.