‘ன்’ தட்டுப்பாடு

ஸ்ரான்லி வீதி அச்சகத்தில் அந்த மாரிக்கு
இரண்டு வேலை வந்தது.
வருகிற வருசப் பஞ்சாங்கம்.
ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானம்.
எழுத்துப் பெட்டி ஒன்றுதான்.
காலையில் அட்டமத்தில் நின்ற சனி
பின்னேரம் வளையம் பூட்டிக்கொண்டு
சூரியனில் இருந்து ஆறாவதாய் நின்றான்.
நான் சிமினி விளக்கில்
இரண்டுக்கும் பிழை பார்த்தேன்.

சிவப்பைக் கண்டு உரோமர்
போர்க்கடவுள் என்று பேர் வைத்தார்களாம்.
பஞ்சாங்கக்காரர் அதே சிவப்பைப்
பூமி பெற்ற பிள்ளை என்கிறார்.
மண்ணின் மைந்தன்.
இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மண்டைதீவுப் பக்கம் ஷெல் குத்துகிற சத்தம்.
பிழை ஒன்றும் இல்லை.
கையெழுத்து வைத்தேன்.

என் குறிப்பில் அவன் ஏழாமிடம்.
மூன்று பகுதி வந்து
தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனது.

வெள்ளி அங்கே நுரையில் பிறந்த காதல்காரி.
இங்கே ஆண், அசுரரின் வாத்தியார்,
தர்ப்பை குத்தி ஒரு கண் போனவர்.
புதனை அவர்கள் தூதன் ஆக்கினார்கள்.
நம்மிடம் அவன்
வியாழன் வீட்டில் சந்திரன் செய்த சேட்டை.
அதைப் பாடப்புத்தகத்தில் போட முடியாது.

எழுத்துக் கோக்கிற சபாநேசனுக்கு
இடது கால் ஜெய்ப்பூர்.
மந்தன், முடவன் என்று
சனிக்குப் பேர் அடுக்கும் பக்கத்தில்
அவன் விரல் நின்றது.
“இவன்ர காலை முறிச்சது ஆரெண்டு தெரியுமே?
இலங்கை ராசா.
பிள்ளை பிறக்கிற நேரம்
பதினொராம் வீட்டில நில்லெண்டான்.
இவன் ஒரு காலைப் பன்னிரண்டுக்க வைச்சிட்டான்.
வைக்கக் கூடாத இடத்தில கால் வைச்சா…”
முடிக்கவில்லை.
ஈயத்தைத் தட்டிச் சமப்படுத்தினான்.

கடைசி இரண்டுக்கும் பஞ்சாங்கத்தில் ஆளில்லை.
தொலைநோக்கி வந்த பிறகு வந்தவை அவை.
அதற்குள் ஒன்பது பீடமும் நிரம்பிவிட்டது.
இராகுவும் கேதுவும் வெறும் நிழல்கள்,
முந்தி வந்து இருந்துவிட்டார்கள்.

நெப்ரியூன் கடல் தெய்வம் என்று
பாசையூர் பேணடெற்றிடம் சொன்னேன்,
சூடை வாங்கும்போது.
“கடலுக்கே தடை.
தெய்வம் எங்க போய் நிக்குது?”
அதைக் கண்ணால் கண்டு பிடிக்கவில்லை என்றேன்.
பக்கத்துக் கோளின் நடை கொஞ்சம் கோணியது.
காணாத ஒன்று இழுக்கிறதென்று
கணக்குப் போட்டு, இன்ன இடம் என்றார்கள்.
பார்த்தால், இருந்தது.

அவள் தராசைக் கீழே வைத்தாள்.
அல்போன்ஸ் தொழிலுக்குப் போய் மூன்று வருசம்.
சந்தைக்கு நேர் வழி இருக்க
இறங்குதுறைப் பக்கம் வளைந்துதான்
இப்போதும் வருகிறாள்.
“இன்ன இடமெண்டு சொல்லுவினமோ, கணக்கில?”
நான் வாய் திறக்க முன்னம்
“அரைக்கிலோ காணுமோ?” என்றாள்.

அன்றிரவு நெப்ரியூனுக்கு ‘ன்’ காணவில்லை.
பெட்டி வெறுமை.
புது எழுத்து வரக் கப்பல் இல்லை.
சபாநேசன் பஞ்சாங்கச் சட்டத்தின் ஆப்பை நெகிழ்த்தி
வியாழனில் இருந்து ஒன்றைக் கழற்றினான்.
“ஆள் பெரிசு. குரு. பொறுப்பார்.”

அப்படித்தான் அந்த வருசம்
ஆவணி ஒன்பது
‘வியாழ’ என்று போனது.
ஒருவரும் முறைப்பாடு எழுதவில்லை.
கொக்குவிலில் இருந்து ஒரு மனிதர் மட்டும்
மண்ணெண்ணெய் மணக்கிற சைக்கிளில் வந்து
அந்தப் பக்கத்தை விரித்து,
அன்றைக்குப் பொன்னுருக்கலாமோ என்று கேட்டார்.

உருக்குங்கோ என்றேன்.
பிழை என்னுடையது.
நாள் நல்ல நாள்.