நான்காம் ஆவி

பினேகா ஆறு உறைந்து பதினோரு வாரம்.
கிறிஸ்து பிறப்புக்கும் திருமுழுக்கு நாளுக்கும் நடுவே
பெண்கள் குறி கேட்கும் இரவுகள் வரும்.
கழுத்துச் சிலுவையைக் கழற்றிவிட வேண்டும்.
கழற்றினேன்.
அது கிடந்த இடம் மட்டும் தனியாகக் குளிர்ந்தது.

குளியல் குடில் ஆற்றோரம், வீடுகளை விட்டுத் தள்ளி.
கரி படிந்த மரச்சுவர். குனிந்து நுழையும் கதவு.
சனிக்கிழமைதோறும் கற்களைப் பழுக்கக் காய்ச்சித்
தண்ணீர் ஊற்றுவோம்.
முதல் ஆவி ஆண்களுக்கு.
அடுத்தது பெண்களுக்கு.
மூன்றாவது பிள்ளைகளுக்கும் சளி பிடித்தவர்களுக்கும்.
நான்காம் ஆவி பான்னிக்கின் பங்கு.
குடிலில் குடியிருப்பவன், ஈர இலைத் தாடிக்காரன்,
கோபம் வந்தால் ஆளை உரித்துத்
தோலைக் கல்லில் காயப்போடுவான்.
இந்த வருடம் அப்பா விறகை மிச்சம் பிடிக்கிறார்.
மூன்றோடு சரி.

நள்ளிரவில் கதவை ஒரு சாண் திறந்து கையை நீட்ட வேண்டும்.
மயிர் அடர்ந்த கை தடவினால் பணக்காரப் புருஷன்.
வழவழத்த கை என்றால் கஞ்சிக்கு உப்பில்லாதவன்.
நகம் பட்டால் அடிக்கிறவன்.
கிளிகேரியாவுக்கு மயிர்க்கை; வீறிட்டுச் சிரித்தாள்.
மவ்ரா நகம் என்று அழுதாள்,
பிறகு கதவு ஆணி என்றாள்.
அடுத்து நான்.

அது தடவவில்லை.
என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து
அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது.

நான் குதிரைத் தரகர் புரோகரின் மகள்.
மெசென் சந்தையில் அப்பாவின் ஆட்டுத்தோல் கோட்டுக்குப் பின்னால்
நின்றே வளர்ந்தவள்.
சட்டைக் கைக்குள் விரல் பிடித்துப் பேசும் பேரம்
எனக்கு எழுத்துக்கு முன்பே தெரியும்.
ஐந்து கேட்கிறது.
எதில் ஐந்து? ரூபிளா, வருடமா, பிள்ளைகளா?
சந்தையில் அதைக் கேட்பவன் ஏமாளி.

ஒரு விரலை நீட்டினேன்.
உள்ளே யாரோ மூக்கால் சிரித்தார்கள்.
நான்கு என்றது.
கையை இழுத்துக்கொள்வது போல் இழுத்தேன்.
அப்பாவின் வித்தை அது, பாதி வழியில் நிற்க வேண்டும்.
மூன்று என்றது.
அதன் உள்ளங்கை ஈரமாய், நடுங்கிக்கொண்டே இருந்தது.
அப்போதுதான் எனக்கு உறைத்தது:
எதிராளி குளிரில் நிற்கிறான்.
இரண்டு என்று அழுத்திவிட்டு
அந்த உள்ளங்கையில் நான்கு கோடு கீறினேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு படிந்தது.

"மயிரா?" என்றார்கள் வெளியே.
"மயிர்தான்" என்றேன்.
புருஷனைப் பற்றி யோசிக்க மறந்தே போயிருந்தேன்.

விடிந்தபோது என் வலது கையில் இரண்டு விரல்
பிர்ச் பட்டை போல வெளுத்திருந்தன.
அவற்றுக்குக் குளிர் தெரியவில்லை.
கிணற்று வாயில் உறைந்த மூடியைத் தொட்டேன்,
ஒரு சாண் மூன்று விரல் கனம் என்றன.
கோடரியால் வெட்டி அளந்தேன்.
ஒரு சாண் மூன்று விரல்.

சனிக்கிழமைதோறும் ஆறு கட்டை திருடினேன்.
எல்லாரும் தூங்கிய பின் கல்லில் நீர் ஊற்றிக்
கதவைச் சாத்திவிட்டு ஓடிவருவேன்.
ஒருநாளும் நன்றி கேட்கவில்லை,
உள்ளே ஒரு இருமல் மட்டும்.

மார்ச் கடைசியில் ஒன்பது குதிரைகள் ஆறு தாண்ட வேண்டும்.
இரவெல்லாம் ஆறு முனகியிருந்தது.
"தாங்கும்" என்றார் அப்பா.
முன்பணம் வாங்கியிருந்தார், அதனால் தாங்க வேண்டும்.
நான் கையுறையைக் கழற்றி மண்டியிட்டேன்.
"இப்படி இல்லை. வளைந்து வாருங்கள்."
வயசு தீர்மானித்துவிட்ட குதிரையின் பல்லை
மறுபடி திறந்து பார்ப்பது போல
என்னைப் பார்த்தார்.
பிறகு கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு
என் காலடிக்குப் பின்னால் காலடி வைத்தார்.
நான் திரும்பவில்லை. குளம்புகளை எண்ணிக்கொண்டே போனேன்.
முப்பத்தாறு.

அக்கரையில் அப்பா ஏதும் பேசாமல்
என் சட்டைக் கைக்குள் கையை விட்டார்.
வெளுத்த விரல்களில் தடுக்கி நின்றார்.
எதுவும் கேட்கவில்லை.
ஒரே ஒரு விரலை அழுத்தினார்:
ஒன்பதில் ஒன்று உனக்கு.

கையை இழுத்தேன்.
பாதி வழியில் நின்றேன்.