நிமிடத்துக்கு முப்பது

முதலில் வந்தது கடிகாரம்.
கெதைனியாய் ரயிலடியில் வேலை பார்க்கும் ப்ரோன்யுஸ்
துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.
"படுக்கைக்கு அடியில் வை.
தாளம் தப்பிய நெஞ்சு
கேட்டுக் கேட்டுத் திருந்திவிடும்."
ரூதிஸ் மோந்து பார்த்தது, அதன்மேல் சரிந்தது,
குறட்டை விட்டது.
விடிய விடிய டிக் டிக் கேட்டது நான்தான்.

அப்புறம் அம்பர் மாலை.
ஸ்டாசே தன் கழுத்திலிருந்தே கழற்றினாள்.
உண்ணிக்குத்தானே அதைக் கட்டுவார்கள் என்றேன்.
"உண்ணியையே விரட்டுகிறதென்றால்..."
வாக்கியத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள்.

பூண்டு என்று ஒருவர் சொன்னதற்கு
மருத்துவர் ஸ்கிர்மாந்தே கத்தியேவிட்டாள்.
நாய்க்கு அது நஞ்சு.
சாராயத்தில் ஊறிய குதோபெலேப் பழமும் ஆகாது;
படபடப்பு வந்தால் இங்கே கிழவர்கள்
சொட்டுக் கணக்கில் குடிக்கும் முள்மரத்துப் பழம்.
சரி, நாய்க்குக் கொடுக்கவில்லை.
நாலு சொட்டு நான் குடித்தேன்.

கசாப்புக்காரர் மாட்டு இதயத்தில் ஒரு துண்டு தந்தார்,
"இதயத்துக்கு இதயம்" என்று.
மாத்திரையை அதற்குள் ஒளித்தேன்.
இதயத்தைத் தின்றுவிட்டு
மாத்திரையைச் செருப்பில் துப்பியது.

"வால்வு என்பது கதவு," என்றாள் ஸ்கிர்மாந்தே,
"முழுசாகச் சாத்தமாட்டேன் என்கிறது.
போன ரத்தம் கொஞ்சம் திரும்பி வருகிறது."
வைதோதஸ் நார்வேக்கு மீன் அறுக்கப் போய்
பதினாலு மாதம்.
போனது கொஞ்சம் திரும்பி வருவதை
நோய் என்கிறார்கள்.

உப்பு கூடாது என்றதுதான் கஷ்டம்.
வெள்ளரிக்காய் ஊறுகாய்க் கொட்டகையில் வேலை எனக்கு;
முழங்கைவரை உப்புநீர்.
நான் வந்ததும் கையை நக்கும்,
ஒன்பது வருஷப் பழக்கம்.
இப்போது தோட்டத்துக் குழாயடியில் நின்று
சோப்புப் போட்டுத் தேய்க்கிறேன்.
கதவுக்கு அந்தப் பக்கம் குரைத்துக்கொண்டே இருக்கிறது.
உள்ளே போய்க் கையை நீட்டினால்
ஒரு நக்கு,
பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறது,
யார் நீ என்பதுபோல.

ஸ்கிர்மாந்தே நம்பியது ஒரே ஒரு கைவைத்தியம்:
தூங்கும்போது மூச்சை எண்ணு.
விலா ஏறி இறங்கினால் ஒன்று.
நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டினால்
நடுராத்திரியானாலும் கூப்பிடு.

தரையில் படுத்து எண்ணுகிறேன்.
கைபேசியை விலாவுக்கு நேரே சாய்த்து வைத்தால்
அங்கிருந்து அவனும் எண்ணுகிறான்,
செதில் ஒட்டிய சட்டையோடு.
பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் போன இருவர்
ஒரு நாயின் வயிற்றைப் பார்த்தபடி
முழுசாக ஒரு நிமிடம்.

"இருபத்தாறு."
"இல்லை, இருபத்தெட்டு."
"ரெண்டு எங்கிருந்து வந்தது?"
"நீ எண்ணும்போது கண்ணை மூடுகிறாய்."
"திரும்ப எண்ணலாமா?"
எண்ணினோம்.
மறுபடியும் ஒத்துப்போகவில்லை.

இருபத்தேழு என்று எழுதி
குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன்.
கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்தேன்.
கோடை வந்தும் ப்ரோன்யுஸ் அதில் முள்ளை நகர்த்தவில்லை போல,
ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது.
வைதோதஸ் அங்கே இப்போதுதான்
இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருவான்.
துண்டில் சுற்றி
இருந்த இடத்திலேயே வைத்தேன்.